ஆறு வாரப் பஞ்சு

பிழியப் பிழியக் கறுப்பாகவே வந்த தண்ணீர் ஒன்பதாவது தடவையில்தான் தெளிந்தது. மாஸ்டர் குழாயை மூடிவிட்டுக் கையிலிருந்த பஞ்சை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு டம்ளர் உயரத்துக்கு உருளையாக, நடுவே பிளாஸ்டிக் குழாய் செருகிய நுரைப்பஞ்சு. பத்து நிமிடத்துக்கு முன் அக்காவின் மீன் தொட்டிக்குள் ஏதோ செத்த பிராணியைப் போலக் கிடந்தது. இப்போது பார்த்தால் நீல நிறம்! இப்படி ஒரு நிறம் அதற்கு இருப்பதே இந்த வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டார். பால்கனிக் கொடியில் இரண்டு கிளிப் மாட்டி, நல்ல வெயில் விழும் இடமாகப் பார்த்துத் தொங்கவிட்டார்.

அக்கா இறந்து ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது.

விடியற்காலை ஐந்து மணிக்கு, மருத்துவமனையில், திடீரென்று. முந்தாநாள் சேர்த்தார்கள், இன்றைக்கு இல்லை. கையெழுத்து வேலைகள் எல்லாம் முடிந்து மூன்று மணிக்கு அவளைக் கொண்டு வண்டி வரும் என்றார்கள். அதுவரை வீட்டைத் தயார் செய்யும் பொறுப்பை மாஸ்டர் தானாகவே எடுத்துக்கொண்டார். கூடத்து சோபாவை நகர்த்தினார். பெருக்கினார், துடைத்தார். ஏணி போட்டு மின்விசிறியின் இறக்கைகளைக்கூடத் துடைத்தார். துக்கம் வந்தால் அவருக்குத் தெரிந்தது இரண்டே வழி: ஜோக் அடிப்பது, அல்லது எதையாவது சுத்தம் செய்வது. ஜோக்குக்குச் சிரிக்கிற ஆள் இன்றைக்கு இல்லை. துடைக்க வேறொன்றும் மிஞ்சாதபோதுதான் சுவரோரம் நான்கடி நீளத்துக்கு நின்றிருந்த மீன் தொட்டி கண்ணில் பட்டது.

இருபத்தாறு வருடங்களாகக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர் அவர். அடுத்தவர் கையில் ஸ்டீயரிங்கையும் தன் உயிரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, பக்கத்து இருக்கையில் தன் காலுக்கடியில் ஒரே ஒரு பிரேக்கை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற தொழில். அதனால் பயம் வந்தால் வீட்டிலும் வலது கால் தரையை ஓர் அழுத்து அழுத்தும். "உனக்கு பிரேக் கால்ல இருக்குடா. அது வாய்ல இருந்திருந்தா எங்கயோ போயிருப்ப" என்பாள் அக்கா. பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆய்வகத்தைக் கட்டி மேய்த்தவள். எதைச் சொன்னாலும் சோதித்துப் பார்த்துவிட்டுச் சொன்னது மாதிரி இருக்கும்.

குளியலறைக் கதவு திறந்தது. சவரம் செய்த முகத்தோடு மாமா வந்தார். தொட்டியைத் தாண்டிப் போனவர் நின்று, இரண்டடி பின்னால் வந்து குனிந்து பார்த்தார்.

"மாப்ள, இதுல ஒரு பஞ்சு இருந்துச்சே?"

"அத ஏன் கேக்கறீங்க! என்ன அழுக்கு, என்ன அழுக்கு! கழுவிக் காயப் போட்டிருக்கேன். வாங்க, வந்து பாருங்க, கடையில வாங்கின மாதிரி இருக்கு."

மாமா பால்கனிக்கு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு கைகளாலும் பஞ்சை இறக்கி மூக்கருகே கொண்டுபோனார்.

"குழாய்த் தண்ணியிலயா கழுவினே?"

"பின்ன? சோப்புப் போடலாம்னுதான் கை போச்சு. மீனுக்கு ஆகாதேன்னு விட்டுட்டேன்."

இதைச் சொல்லும்போது மாஸ்டருக்குத் தன் பொறுப்புணர்ச்சி மேல் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மாமா அப்படியே பால்கனித் தரையில் உட்கார்ந்தார்.

"ஆறு வாரம்" என்றார். அப்புறம் பஞ்சை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதார்.

மாஸ்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காலையில் டாக்டர் வந்து சொன்னபோது இதே மனிதர் "ம்" என்றுதான் சொன்னார். சொல்லிவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். வருகிற வழியெல்லாம் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பெண்டாட்டிக்கு அழாத மனிதர் பஞ்சுக்கு அழுகிறார்!

"மன்னிச்சுக்குங்க மாமா, தெரியாமப் பண்ணிட்டேன். ஆமா, அதென்ன ஆறு வாரம்?"

மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ம்" என்றார்.

மாமா கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஓய்வு பெற்றவர். வாழ்க்கையில் அவரிடம் மொத்தம் மூன்று பதில்கள்தான் உண்டு. "ம்." "பார்க்கலாம்." "அப்படியும் சொல்லலாம்." பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் இந்த மூன்றையும் வைத்தே முப்பத்தோரு வருடம் குடும்பம் நடத்திவிட்டார். நான்காவதாக ஒரு பதிலை அவர் வாயிலிருந்து வாங்கியவர் யாருமில்லை.

மாமா உள்ளே போய் தாழ்ந்த குரலில் போன் செய்தார். "கழுவிட்டான்" என்றது மட்டும் மாஸ்டர் காதில் விழுந்தது. இரண்டு நிமிடத்தில் மேல்வீட்டு டீச்சர் இறங்கி வந்துவிட்டார். அக்காவின் பள்ளிக்கூடத்திலேயே வேதியியல் சொல்லிக்கொடுப்பவர், இருபது வருடப் பழக்கம். அழுது வீங்கிய கண்களோடு வந்தவர் மாஸ்டரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நேராகப் பஞ்சிடம் போனார். விரலால் அழுத்திப் பார்த்தார். மோந்து பார்த்தார். பிறகு இருவரும் சமையலறைக்குள் போய்க் குசுகுசுவென்று பேச ஆரம்பித்தார்கள்.

மாஸ்டர் டீ போடுகிற சாக்கில் உள்ளே நுழைந்தார். பேச்சு நின்றது. டீச்சர் காரணமே இல்லாமல் குழாயைத் திறந்து, காரணமே இல்லாமல் மூடினார்.

இந்த மௌனம் மாஸ்டருக்கு நன்றாகத் தெரியும். டீ குடிக்கப் போன நேரத்தில் காரை எங்கேயாவது உரசிவிட்டு, ஒன்றுமே நடக்காதது மாதிரி உட்கார்ந்திருக்கிற மாணவனின் மௌனம். கேட்டால் "இல்ல சார், அப்பவே இருந்துச்சு" என்பான்.

"ஏதாவது ஹெல்ப் வேணுமா மாமா?"

"பார்க்கலாம்" என்றார் மாமா.

அவர்கள் நகர்ந்ததும் மாஸ்டர் சர்க்கரை டப்பாவைத் தேடினார். எல்லா டப்பாவிலும் வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தது, ஆய்வகத்துப் பாட்டில்கள் மாதிரி. அக்காவின் கையெழுத்து, ஆனால் குழந்தைகளுக்கு எழுதியது போலப் பெரிது பெரிதாக. 'உப்பு. இது சர்க்கரை இல்லை.' 'அரிசி. ஒரு ஆளுக்கு முக்கால் டம்ளர்.' போன மாதம் இதைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, அடுப்படியிலயும் பரீட்சை வைக்கிறியா?" என்று கேட்டிருந்தார். அக்கா சிரித்தாள். மாமா சமைக்கக் கற்றுக்கொள்கிறார் என்றாள். அறுபத்தாறு வயதில் என்ன திடீர் ஆசை என்று அன்றைக்குத் தோன்றவில்லை. இன்றைக்குத் தோன்றியது.

அப்புறம் ஒவ்வொன்றாகத் தோன்றின. தொட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு நான்கு ஏஞ்சல் மீன்கள் இருக்குமே, எங்கே? இப்போது வால் சிவந்த பொடி மீன்கள்தான் நீந்தின. எண்ணினார். ஒன்பது. பிறகு மாமா ஒரு வாளியில் தொட்டித் தண்ணீரை மொண்டு, மேலே துண்டைப் போட்டு மூடி, நடுங்குகிற வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். மனைவி பிணவறையில் இருக்கிற நாளில், துண்டு போட்டு மூடிய வாளியோடு ஒரு மனிதருக்கு மேல்வீட்டில் என்ன வேலை?

மாஸ்டரின் வலது கால் சமையலறைத் தரையை அழுத்தியது.

மாமா இறங்கி வந்ததும், "கடைக்குப் போய் புதுப் பஞ்சு வாங்கிட்டு வந்துடறேன்" என்றார்.

"புதுசு எதுக்கும் ஆகாது மாப்ள."

"ஏன் ஆகாது?"

மாமா வாயைத் திறந்தார். ஏதோ வந்தது, அதை மென்று விழுங்கிவிட்டார்.

மாஸ்டர் ஈரப் பஞ்சை ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

*

வண்ண மீன் கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. கடைக்காரர் மாஸ்டரிடம் கார் கற்றவர், இரண்டு முறை தேர்வில் தோற்று மூன்றாவது முறை தேறியவர். மாஸ்டரைக் கண்டதும் கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார்.

"காலைல சார் போன் பண்ணினாரு. மனசே ஆறல மாஸ்டர். அந்த மாதிரி ஒரு கஸ்டமரே கிடையாது. எனக்கே பாடம் எடுப்பாங்க."

மாஸ்டர் பையைத் திறந்து காட்டினார். கடைக்காரர் பஞ்சைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார், மறுபடி பஞ்சைப் பார்த்தார்.

"கழுவிட்டீங்களா!"

"ஆளாளுக்கு இதையே சொல்றீங்க. அழுக்கக் கழுவினா தப்பா?"

"மாஸ்டர், அன்னிக்கு நான் சிவப்பு லைட்ல போனப்ப எவ்வளவு திட்டினீங்க? இன்னிக்கு என் முறை, உக்காருங்க." ஸ்டூலை நகர்த்திப் போட்டார். "மீன் என்ன பண்ணும்? தின்னும், கழியும். தொட்டிக்குள்ள கக்கூஸ் தனியா கட்டியா வச்சிருக்கோம்? எல்லாம் அதே தண்ணிதான். அது விஷமாகும். அந்த விஷத்தத் தின்னு தண்ணிய நல்லதாக்குறதுக்குன்னே கண்ணுக்குத் தெரியாத உயிருங்க கோடிக்கணக்குல இந்தப் பஞ்சுக்குள்ள குடியிருக்கும். நீங்க பாத்தது அழுக்கு இல்ல, ஊரு. குழாய்த் தண்ணில மருந்து கலந்து விடறாங்க இல்ல, அதுல போட்டுப் பிழிஞ்சு, வெயில்லயும் காயப்போட்டு, ஒரு ஊரையே காலி பண்ணிட்டீங்க."

மாஸ்டர் பையின் வாயை மெதுவாக மூடினார்.

"மறுபடி குடிவர எத்தன நாளாகும்?"

"ஒரு மாசம், ஒன்றரை மாசம். அதுவரைக்கும் புதுத் தொட்டில மீன விட்டா ஒண்ணொண்ணா மிதக்கும். அதனாலதான் விவரம் தெரிஞ்சவங்க முன்கூட்டியே புதுப் பஞ்ச வாங்கி, பழைய தொட்டிக்குள்ள போட்டு ஓட விடுவாங்க. ஊரு குடியேறினதும் ஈரத்தோட தூக்கிப் புதுத் தொட்டில வச்சா, அன்னிக்கே மீன விடலாம்."

"புதுத் தொட்டியா? எங்கக்கா வீட்ல ஏதுய்யா புதுத் தொட்டி?"

கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். பக்கத்துத் தொட்டியில் நான்கு ஏஞ்சல் மீன்கள் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. அவற்றை மாஸ்டருக்கு நன்றாகத் தெரியும்.

"இதுங்க இங்க எப்படி வந்துச்சு?"

"சார்தான் ரெண்டு வாரம் முன்னாடி கொண்டாந்து விட்டாரு."

"புதுத் தொட்டி வாங்கினதும் அவர்தானா?"

"அவர்தான் மாஸ்டர். பஞ்சு, தொட்டி ரெண்டும் சேத்து. ஆறு வாரம் இருக்கும்." கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "சின்னதா இருக்கணும்னாரு. ஒரு ஆளே தண்ணி மாத்துற மாதிரி. இனிமே ஒரு ஆள்தானேன்னாரு."

மாஸ்டர் எழுந்துகொண்டார். கடைக்காரர் பின்னாலேயே வந்து, பெரிய தொட்டியின் வடிகட்டியில் இன்னும் ஊர் இருக்கிறது, அதில் பாதியை ஈரம் காயாமல் எடுத்து மாற்றினால் மீன்களைக் காப்பாற்றிவிடலாம் என்று விவரமாகச் சொன்னார். மாஸ்டர் எல்லாவற்றுக்கும் "ம், ம்" என்றார். தெருவுக்கு வந்த பிறகுதான் மாமாவைப் போலவே தானும் பதில் சொன்னது உறைத்தது.

இனிமே ஒரு ஆள்தானே.

ஆறு வாரத்துக்கு முன் அக்கா நன்றாக இருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள், அவ்வளவுதான். எண்ணெய் சேர்க்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னாள். "இப்படியே இளைச்சேன்னா உன்னையும் தொட்டிக்குள்ள விட்டுரலாம்க்கா" என்று இவர் சொன்னதற்குக்கூடச் சிரித்தாள். போன ஞாயிற்றுக்கிழமை அதைவிட அதிகம். இன்டிகேட்டர் என்று நினைத்து வைப்பரைப் போட்டுவிட்டு, ஆடுகிற வைப்பரிடம் "சாரி" கேட்ட மாணவியின் கதை. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "போதும்டா, வயிறு வலிக்குது" என்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைவிடப் பெரிய கைதட்டல் மாஸ்டருக்கு எங்கே கிடைக்கும்? அந்த நாள் முழுக்கப் பெருமையோடு திரிந்தார்.

அப்படி இருந்தவளின் வீட்டில், ஆறு வாரத்துக்கு முன்பே ஒரு மனிதர் தனியாளாக வாழத் தொட்டி வாங்குகிறார். சமைக்கக் கற்றுக்கொள்கிறார். பெரிய மீன்களைக் கழித்துக்கட்டுகிறார். மேல்வீட்டில் என்னவோ சேர்த்து வைக்கிறார். அப்புறம் அக்கா 'திடீரென்று' இறந்துபோகிறாள்.

விஷம் என்ற சொல் மாஸ்டரின் மனதுக்குள் எட்டிப் பார்த்தது. சீ, போ என்று துரத்தினார். மாமாவாவது, இன்னொருத்தருக்குக் கெடுதலாவது! கரப்பான் பூச்சியைக்கூடக் காகிதத்தில் ஏற்றி வெளியே விடுகிற ஆள். ஆனால் தெரு முனையில் அந்தச் சொல் மறுபடியும் நின்றுகொண்டிருந்தது. போன மாதத்திலிருந்து அக்காவுக்குச் சமைத்துப் போட்டது யார்?

நடையை எட்டிப் போட்டார்.

*

கீழ்வீடு திறந்து கிடந்தது, ஆள் இல்லை. மாஸ்டர் படி ஏறினார். டீச்சர் வீட்டுக் கதவை ஒரு நாளும் இல்லாத திருநாளாகத் தட்டாமலே தள்ளினார்.

ஜன்னலோரம் ஒரு மேசை. அதன் மேல் ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி, நிறையத் தண்ணீர், அடியில் மணல், இரண்டு செடி. மீன் இல்லை. தொட்டியின் ஒரு பக்கம் மாமா, இன்னொரு பக்கம் டீச்சர். டீச்சர் கையில் சோதனைக் குழாய் ஒன்று.

"ஆக, இதுதான் விஷயம்" என்றார் மாஸ்டர். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "ஒரு ஆளுக்கு ஒரு தொட்டி. ஆறு வாரத்துக்கு முன்னாடியே. எங்கக்கா நடமாடிக்கிட்டு இருக்கும்போதே. என்ன மாமா இது?"

"மாஸ்டர், வார்த்தைய அளந்து பேசுங்க" என்றார் டீச்சர்.

"நீங்க சும்மா இருங்க டீச்சர். காலைலேர்ந்து ரெண்டு பேரும் ரகசியம் பேசறீங்க. நான் வந்தா வாய மூடிக்கறீங்க. ஒரு தடவையாவது நேரா சொல்லுங்க மாமா. எங்கக்காவுக்கு என்ன பண்ணீங்க?"

சொல்லிவிட்டார். சொன்னது அறைக்குள்ளேயே நின்றது. டீச்சர் சோதனைக் குழாயை மெதுவாக மேசையில் வைத்தார்.

மாமா தொட்டியின் மூடியைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். அடியில் வெள்ளைக் காகிதம், நனையாமல் இருக்க மேலே டேப். டப்பாக்களில் இருந்த அதே பெரிய எழுத்து.

'சின்னத் தொட்டி. அவர் ஒருவரே பார்த்துக்கொள்ள.
பஞ்சைப் பெரிய தொட்டியில் போட்டது: செவ்வாய்க்கிழமை.' தேதியும் இருந்தது. ஆறு வாரம்.
'நான் போன அன்றைக்கே மீன்களை மாற்றிவிட வேண்டும். கூடத்தில் கூட்டம் சேரும், கண்ணாடியைத் தட்டுவார்கள்.
பஞ்சைக் கழுவக் கூடாது.
தம்பி வந்தால் எதையாவது கழுவுவான். கவனம்.'

கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தது.

மாஸ்டர் அதை இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை எழுத்து சரியாகத் தெரியவில்லை.

"ஷேவிங் பண்ணப் போனேன்" என்றார் மாமா. "பத்து நிமிஷம்தான்."

டீச்சர்தான் மீதியைச் சொன்னார். கல்லீரலில் புற்றுநோய். கண்டுபிடித்தபோதே இரண்டு மாதம்தான் என்று சொல்லிவிட்டார்கள். வைத்தியம் வேண்டாம் என்றது அக்காவேதான். ஆய்வகத்தில் எடை போடுவது போலக் கணக்குப் போட்டு, என்ன கிடைக்கும் என்ன போகும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்றாள். அப்புறம் ஒவ்வொன்றாக ஏற்பாடு செய்தாள். நான்கடித் தொட்டிக்கு வாரா வாரம் ஆறு வாளித் தண்ணீர் மாற்ற வேண்டும். நடுக்கமுள்ள மாமாவின் கையால் ஆகாது. பெரிய மீன்களைக் கடையில் கொடுத்துவிட்டு, பொடி மீன்களை மட்டும் அவருக்கு வைத்துவிட்டுப் போகலாம் என்று முடிவு செய்தாள். கீழே வைத்தால் ஞாயிற்றுக்கிழமை தம்பி பார்த்துக் கேட்பான், அவனிடம் தனக்குப் பொய் வராது என்று சொல்லிச் சின்னத் தொட்டியை இங்கே வைத்தாள்.

"ஆக எல்லாருக்கும் தெரியும்" என்றார் மாஸ்டர். "மாமாவுக்கு, உங்களுக்கு, மீன் கடைக்காரனுக்குக்கூட."

"கடைக்காரருக்குச் சொல்லல. அவரா புரிஞ்சிக்கிட்டார்."

"அவனே புரிஞ்சிக்கிட்டான். ரெண்டு தடவ பெயிலான பய." மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "எனக்கு மட்டும் ஏன் மாமா சொல்லல?"

மாமா ஜன்னலைப் பார்த்தார். "முதல்ல மீனப் பார்க்கலாம்" என்றார்.

*

மணி ஒன்று. மாஸ்டர் கடைக்காரர் சொன்னதை ஒப்பித்தார், ஓட்டத் தெரிந்தவனுக்கு விதி சொல்வது போல. நல்லவேளை, காதில் வாங்கியிருந்தார்.

பெரிய தொட்டியின் பின்பக்கம் தொங்கிய வடிகட்டிப் பெட்டியின் மின்சாரத்தை நிறுத்தினார்கள். தொட்டித் தண்ணீரையே ஒரு பேசினில் மொண்டு வைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே சின்னச் சின்னப் பீங்கான் வளையங்கள், பழுப்பேறி, வழவழவென்று. மேலே ஒரு தட்டைப் பஞ்சு, காலையில் நீலப் பஞ்சு இருந்த அதே கறுப்பில். மாஸ்டர் அதைத் தொடும்போது விரல் கூசியது. அழுக்கால் அல்ல.

"மெல்ல மாப்ள."

"மெல்லத்தான் மாமா."

வளையங்களில் பாதியை எண்ணி ஒரு வலைப் பையில் போட வேண்டும். மாமாவின் கையிலிருந்து மூன்று வளையங்கள் நழுவித் தரையில் உருண்டன. நான்காவது முறை மாஸ்டர் பையின் வாயை விரித்து அவர் கைக்கு நேர் கீழே பிடித்துக்கொண்டார். புதிதாக ஓட்டுபவனின் ஸ்டீயரிங்கைத் தொட்டும் தொடாமலும் பிடிப்பது போல. அதற்குப் பிறகு ஒன்றும் விழவில்லை.

நீலப் பஞ்சைப் பேசினில் அமுக்கிவைத்து, அதன் மேல் கறுப்புப் பஞ்சைப் பிழிந்தார். கறுப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட, காலையில் பாடுபட்டு வெளுத்த நீலம் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. ஒன்பது தண்ணீர் விட்டுக் கழுவியதை ஒருமுறை பிழிந்து கெடுத்தாயிற்று. அக்கா இருந்தால் இதைச் சொல்லி ஒரு வருடம் ஓட்டியிருப்பாள்.

"இது பழைய அளவுக்கு வராது. ஆனா ஒன்பது பொடி மீனுக்குத் தாங்கும்" என்றார் டீச்சர். "தீனிய மட்டும் கொஞ்ச நாளைக்குக் குறைச்சுப் போடணும். தினமும் நான் டெஸ்ட் பண்ணிடறேன்."

பேசினை மாஸ்டர் தூக்கிக்கொண்டு மேலே போனார். ஒரு சொட்டுகூடச் சிந்தாமல், படிக்குப் படி நின்று. மாமா ஒன்பது மீன்களையும் வலையில் பிடித்து, பாதித் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துவந்தார். சின்னத் தொட்டியில் வளையப் பை ஒரு மூலைக்குப் போனது, பஞ்சு இன்னொரு மூலைக்கு. டீச்சர் காற்று மோட்டாரைப் போட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு பஞ்சின் நடுக்குழாயிலிருந்து ஒரு குமிழி வந்தது. அப்புறம் இரண்டு. அப்புறம் வரிசையாக.

மீன் பையைத் தண்ணீரின் மேல் மிதக்கவிட்டார்கள், இரண்டு தண்ணீரின் சூடும் ஒன்றாகும் வரைக்கும். அதற்கு இருபது நிமிடம் ஆகும் என்று சொல்லிவிட்டு, டீச்சர் சேலை மாற்ற உள்ளே போனார். மணி இரண்டரை.

இரண்டு ஆண்களும் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் கேட்டது தப்பு மாமா. அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

"ம்."

"நான் ஒரு ஓட்டை வாய். ஊரெல்லாம் சொல்லிடுவேன்னுதானே சொல்லல?"

"அப்படியும் சொல்லலாம்."

மாஸ்டர் தலையை ஆட்டிக்கொண்டார். பை மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே ஒன்பதும் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றன. இனி இவரிடம் வேறொன்றும் வராது, வண்டி வருகிற நேரம், எழுந்து போய் முகம் கழுவலாம் என்று நினைத்தார்.

"மூணு ஞாயித்துக்கிழமை" என்றார் மாமா.

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

"மூணு ஞாயித்துக்கிழமை உன்கிட்ட சொல்றதுக்குன்னே உக்காந்தா. என்னை எழுந்து உள்ள போகச் சொல்லிட்டு, உன் முன்னாடி வந்து உக்காந்தா. 'டேய், ஒரு விஷயம்'னு ஆரம்பிப்பா. நீ 'இரு அக்கா, முதல்ல இதக் கேளு'ம்ப. ரவுண்டானால வண்டிய நிறுத்தி ஒருத்தன் மாமனாருக்கு டாட்டா காட்டின கதை. ஆபீசர் கேட்ல ரிவர்ஸ் எடுத்து இடிச்ச கதை. அப்புறம் அந்த வைப்பர். அவ சிரிச்சிடுவா. சிரிச்ச வாயால எப்படிச் சொல்றது? நீ கிளம்பிப் போனதும் என்கிட்ட வந்து, 'இன்னிக்கும் சொல்லலங்க'ம்பா."

இவ்வளவு சொற்களை மாமா ஒரே மூச்சில் பேசி மாஸ்டர் கேட்டதே இல்லை. அவரே களைத்துப்போனவர் மாதிரி மூச்சு வாங்கினார்.

"வருத்தப்பட்டாளா மாமா?"

மாஸ்டர் காத்திருந்தார். மூன்றில் ஒன்று வரும் என்று தெரியும்.

"பட்டா" என்றார் மாமா. "ரொம்பப் பட்டா. ஆனா திங்கக்கிழமை காலைல எழுந்ததுமே, அடுத்த ஞாயித்துக்கிழமை அவன் என்ன கதை கொண்டாருவானோன்னு கேப்பா."

கீழே தெருவில் ஒரு வண்டி வந்து நின்றது. கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்தியது, அழுத்தியபடியே இருந்தது.

மாமா எட்டிப் பையின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். அவிழவில்லை. மாஸ்டர் அவிழ்த்தார். முதல் மீன் பையின் விளிம்பு வரை வந்து, திரும்பிப் போய், மறுபடி வந்து, வெளியே நழுவியது. நேராகப் பஞ்சை நோக்கிப் போய், அதன் கறுப்பில் வாயை வைத்துக் கொறிக்க ஆரம்பித்தது.